புதினா சோப்: எத்தனை சொட்டு அல்ல, எத்தனை கிராம்

துவாக்குடியில் சித்திரை பிறந்தால் இரண்டு விஷயம் நிச்சயம். ஒன்று, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மேல் தொழிற்பேட்டைத் தகரக் கொட்டகைகளுக்குள் நிற்க முடியாது. இன்னொன்று, வீட்டில் சோப் காய்ச்சிப் பழகியவர்கள் புதினா எண்ணெய் தேடிக் கிளம்பிவிடுவார்கள். "வெயிலுக்கு ஜில்லுன்னு இருக்கும்" என்பதுதான் காரணம். நான் சோப் காய்ச்சுவது தெரிந்த அக்கம்பக்கத்தாரிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வியும் ஒன்றுதான்: "எத்தனை சொட்டு விடணும்?"

இந்தக் கேள்விக்கு நேர்ப் பதில் கிடையாது. சொட்டு என்பது அளவே இல்லை. பாட்டிலின் மூடியைப் பொறுத்து ஒரு மில்லிக்கு 20 சொட்டும் வரும், 35 சொட்டும் வரும். நூறு சொட்டு விடச் சொன்னால் ஒருவர் 5 மில்லி விடுவார், இன்னொருவர் 3 மில்லிகூட விட மாட்டார். அதைவிட முக்கியமான சிக்கல், இரண்டு பேரும் வைத்திருப்பது ஒரே எண்ணெய்தானா என்பது. பெரும்பாலும் இல்லை. அதற்கும் முன்னால், "ஜில்" என்றால் என்ன என்று பார்த்துவிட வேண்டும். அது புரிந்தால் அளவு ஏன் முக்கியம் என்பது தானாகப் புரியும்.

குளிர்ச்சி எங்கே நடக்கிறது?

புதினா எண்ணெயின் குளிர்ச்சிக்குக் காரணம் மெந்தால். நாட்டு மருந்துக் கடையில் புதினா உப்பு என்று கேட்டால் வெள்ளை ஊசி ஊசியாகத் தருவார்களே, அதுதான். ஆனால் மெந்தால் தோலைக் குளிர வைப்பதில்லை. குளிர்கிறது என்று நரம்பிடம் சொல்கிறது, அவ்வளவுதான்.

நம் தோலுக்குள் இருக்கும் நரம்பு முனைகளில் டி.ஆர்.பி.எம்-8 என்று ஒரு புரதம் உண்டு. வெப்பம் சுமார் 26 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது திறக்கும். மூளைக்குக் "குளிர்" என்று செய்தி போகும். மெந்தால் பட்டாலும் அதே கதவு திறக்கும். 2002-ல் அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸின் குழுவும் ஆர்டெம் படாபூட்டியனின் குழுவும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தன. வெப்பத்தையும் தொடுதலையும் உடம்பு எப்படி உணர்கிறது என்ற ஆராய்ச்சிக்காக 2021-ல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. மிளகாய் எரிவதற்கும் இதே மாதிரி கணக்குதான். மிளகாயின் காரப்பொருள் வேறொரு கதவைத் திறந்து "சூடு" என்று பொய்ச் செய்தி அனுப்புகிறது. மிளகாய் வாயைச் சுடுவதில்லை. புதினா உடம்பைக் குளிர்விப்பதுமில்லை.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது.

முதலாவது, புதினா சோப் போட்டுக் குளித்தால் உடம்பின் வெப்பம் இறங்குவதில்லை. வெல்டிங் பட்டறையில் நிற்கிறவர், வெயிலில் கட்டட வேலை செய்கிறவர், மத்தியானம் ஒரு குளியல் போட்டுவிட்டு "இப்போ ஜில்லுன்னு இருக்கு" என்று திரும்பவும் வெயிலில் இறங்கினால் ஏமாற்றப்படுவது அவருடைய எச்சரிக்கை உணர்வுதான். வெயிலுக்கு மருந்து தண்ணீர், நிழல், ஓய்வு. சோப் அல்ல.

இரண்டாவது, செய்தியின் அளவு கூடினால் செய்தியே மாறிவிடும். கொஞ்சம் மெந்தால் இதம். நிறைய மெந்தால் எரிச்சல். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கும் பூச்சு மருந்துகளுக்கு வகுத்த அளவுகளைப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். மெந்தால் 0.1 முதல் 1 சதவீதம் வரை இருந்தால் அது அரிப்பை அடக்கும் மருந்து. 1.25 முதல் 16 சதவீதம் வரை இருந்தால் அது வலிக்குத் தேய்க்கும் தைலம். அதாவது தோலை வேண்டுமென்றே உறுத்தி, உள்வலியிலிருந்து கவனத்தைத் திருப்பும் பொருள். பொருள் ஒன்றுதான். ஒரு சதவீதத்துக்கு இந்தப் பக்கம் அது அமைதிப்படுத்துகிறது, அந்தப் பக்கம் உறுத்துகிறது. வேர்க்குருவைச் சொறிந்து சொறிந்து புண்ணாகிப்போன முதுகுக்கு நாம் காய்ச்சும் சோப் எந்தப் பக்கம் நிற்கப்போகிறது என்பதுதான் கேள்வி.

கையில் இருப்பது எந்தப் புதினா?

சட்னிக்கு வாங்கும் புதினாவை அரைத்து ஊற்றினால் இந்தக் குளிர்ச்சி வராது. நம் சமையல் புதினா பெரும்பாலும் ஸ்பியர்மிண்ட் இனம். அதன் வாசனை கார்வோன் என்ற வேறு பொருளால் வருவது. போதாக்குறைக்கு, அரைத்த பச்சிலை சோப்பில் ஒரே வாரத்தில் பழுப்பு நிறமாகிவிடும்.

சோப்பில் சேர்ப்பது நீராவியில் வடித்தெடுத்த எசன்ஷியல் ஆயில். நூறு கிலோ பச்சைத் தழையை வடித்தால் சுமார் அரைக் கிலோ எண்ணெய்தான் கிடைக்கும். ஒரு சின்ன பாட்டிலுக்குள் எத்தனை கட்டு இலை அடைபட்டிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். "இயற்கைதானே, என்ன செஞ்சிடும்?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்தக் கணக்குதான்.

கடையில் "புதினா எண்ணெய்" என்ற ஒரே பெயரில் மூன்று பொருள் கிடைக்கலாம்.

ஒன்று, உண்மையான பெப்பர்மிண்ட். தாவரப் பெயர் மெந்தா பைபரிட்டா. நீர்ப்புதினாவும் ஸ்பியர்மிண்டும் கலந்து பிறந்த கலப்பினம். இதில் மெந்தால் 30 முதல் 55 சதவீதம் வரை. கூடவே மெந்தோன் என்ற இன்னொரு வாசனைப் பொருளும் நிறைய உண்டு.

இரண்டு, ஜப்பான் புதினா என்று சொல்லும் மெந்தா ஆர்வென்சிஸ். இந்தியாவில் வயல் வயலாக விளைவது இதுதான். உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி, சம்பல், ராம்பூர், பதாயுன் பக்கம் கோடைப் பயிராகப் போடுகிறார்கள். லக்னோவிலுள்ள மத்திய அரசின் சிமாப் நிறுவனம் இதற்கென்றே ரகங்களை உருவாக்கிக் கொடுத்தது. 'கோசி' அதில் பெயர் பெற்ற ஒன்று. இந்த எண்ணெயை உலகத்திலேயே அதிகம் உற்பத்தி செய்வது இந்தியாதான். எம்.சி.எக்ஸ். சந்தையில் தங்கம், வெள்ளியோடு சேர்ந்து 'மெந்தா ஆயில்' என்ற பெயரிலும் முன்பேர வணிகம் நடக்கிறது. இதில் மெந்தால் 70 முதல் 80 சதவீதம். பெப்பர்மிண்டைவிட விலை குறைவு என்பதால், பெப்பர்மிண்ட் என்று எழுதிய பாட்டிலுக்குள்ளும் இது இருக்க வாய்ப்புண்டு.

மூன்று, மெந்தால் கட்டி. ஆர்வென்சிஸ் எண்ணெயைக் குளிரவைத்துப் பிரித்தெடுப்பது. கிட்டத்தட்ட 100 சதவீதம் மெந்தால். 42 டிகிரியிலேயே உருகிவிடும். மே மாதம் வாங்கி வண்டி சீட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தால் வீடு சேரும்போது தண்ணியாகத்தான் இருக்கும்.

கேக் கடைகளில் விற்கும் பெப்பர்மிண்ட் எசன்ஸ் இந்தக் கணக்கிலேயே வராது. அது உணவுக்கான வாசனைக் கரைசல். சோப்பில் அதற்கு வேலை இல்லை.

எது கையில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் லேபிளில் தாவரப் பெயரைத் தேடுங்கள். 'பைபரிட்டா' என்றோ 'ஆர்வென்சிஸ்' என்றோ எழுதாத பாட்டிலை நான் வாங்குவதில்லை. இணையத்தில் வாங்கினால் அந்தத் தொகுதிக்கான ஆய்வக அறிக்கையைக் கேட்கலாம்; மெந்தால் எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும். வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனையும் உண்டு. கொஞ்சம் எண்ணெயைச் சின்னக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் ஊசி ஊசியாகப் படிகம் இறங்கியிருந்தால் மெந்தால் மிக அதிகம். அது ஆர்வென்சிஸாக இருக்கும். படிகம் இறங்காவிட்டால் மட்டும் அது பெப்பர்மிண்ட் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மெந்தாலைப் பிரித்தெடுத்த மிச்ச எண்ணெயும் சந்தையில் வருகிறது, அதிலும் படிகம் இறங்காது.

கணக்கு

இப்போது ஒரு சோப்பையே எடுத்துக்கொள்வோம். திருச்சியில் சுலபமாகக் கிடைக்கும் எண்ணெய்கள்தான்: தேங்காய் எண்ணெய் 250 கிராம், கடலை எண்ணெய் 200 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம். மொத்தம் 500.

ஒவ்வொரு எண்ணெயும் முழுதாகச் சோப் ஆக ஒரு குறிப்பிட்ட அளவு காஸ்டிக் சோடா வேண்டும். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 0.183 கிராம், கடலை எண்ணெய்க்கு 0.136, விளக்கெண்ணெய்க்கு 0.128. பெருக்கிக் கூட்டினால் 79.35 கிராம். இதில் 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் கூடவே குறைத்து 75 கிராம் மட்டும் போடுகிறேன். அந்த அளவுக்கு எண்ணெய் சோப் ஆகாமல் மிஞ்சும். தோல் வறளாமல் இருக்கவும், காரம் மிஞ்சிவிடாமல் இருக்கவும் அதுதான் காப்பு. தண்ணீர் 150 கிராம். போர் தண்ணி வேண்டாம். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும், புது பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள். ஆசிட் கலந்ததை எடுத்துவந்துவிடக் கூடாது.

இந்தச் சோப் நான்கைந்து வாரம் காய்ந்து தண்ணீர் குறைந்த பிறகு ஏறக்குறைய 650 கிராம் நிற்கும். இதில் 10 கிராம் 'புதினா எண்ணெய்' சேர்த்தால், அதாவது எடுத்த எண்ணெயில் 2 சதவீதம் சேர்த்தால், என்ன ஆகிறது பாருங்கள்.

அது பெப்பர்மிண்ட் என்றால், மெந்தால் 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், சோப்பில் சேர்வது 4 கிராம் மெந்தால். 650-ல் அது 0.6 சதவீதம்.

அது ஆர்வென்சிஸ் என்றால், மெந்தால் 75 சதவீதம் என்று கொண்டால், 7.5 கிராம். அதாவது 1.15 சதவீதம்.

மெந்தால் கட்டி என்றால் முழுசாக 10 கிராம். 1.5 சதவீதம்.

ஒரே "10 கிராம் புதினா". ஒன்று கோட்டுக்கு இந்தப் பக்கம், மற்ற இரண்டும் அந்தப் பக்கம். சோப் தண்ணீரில் கரைந்து நுரையாகி, ஒரு நிமிடத்தில் கழுவப்பட்டும் விடுகிறது, எஃப்.டி.ஏ. சொல்லும் அளவோ தோலில் பூசி அப்படியே விடும் மருந்துக்கு. ஆகவே இரண்டும் சமம் இல்லை. ஆனால் மூன்று பாட்டிலையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்க்க இது நல்ல அளவுகோல்.

நான் வைத்துக்கொண்டிருக்கும் வரம்பு இது. பெப்பர்மிண்ட் என்றால் எண்ணெய் எடையில் 1 சதவீதத்தில் தொடங்கி, அதிகபட்சம் 2 சதவீதம். மேலே சொன்ன சோப்புக்கு 5 முதல் 10 கிராம். ஆர்வென்சிஸ் என்றால் அதில் பாதி. மெந்தால் கட்டி என்றால் 3 கிராமுக்கு மேல் வேண்டாம். அதையும் கொஞ்சம் வெதுவெதுப்பான விளக்கெண்ணெயில் கரைத்துவிட்டுச் சேர்க்க வேண்டும். கரையாத கட்டி ஒன்று சோப்பில் நின்றுவிட்டால் அந்த இடம் தோலில் படும்போது எரியும்.

எசன்ஷியல் ஆயில் பாதுகாப்பு பற்றி ராபர்ட் டிஸரண்டும் ராட்னி யங்கும் எழுதிய புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு 2014-ல் வந்தது. தோலில் படும் பொருள்களில் பெப்பர்மிண்டுக்கு அவர்கள் தரும் உச்ச வரம்பு 5.4 சதவீதம். அப்படியிருக்க நான் ஏன் 2-ல் நிற்கிறேன் என்று கேட்கலாம். அவர்கள் கணக்கிட்டது அந்த எண்ணெயிலுள்ள புலேகோன், மெந்தோஃபியூரான் என்ற இரண்டு பொருள்களின் நச்சுத்தன்மையை வைத்து. நான் பார்ப்பது எரிச்சலை. குளிக்கும்போது சோப் முதுகில் மட்டும் படுவதில்லை. அக்குள், தொடை இடுக்கு, பிறப்புறுப்பு, சவரம் செய்த கன்னம், கண் ஓரம் என்று தோல் மெலிந்த இடங்களில் எல்லாம் படுகிறது. முதுகுக்கு இதமாக இருக்கும் அளவு அங்கே தீயாக எரியும்.

எடை போடச் சமையலறைத் தராசு போதாது. ஒரு கிராம் கூடக்குறையக் காட்டும் தராசில் 5 கிராம் எண்ணெய் எடுத்தால் 20 சதவீதம் பிசகும். நகை எடை பார்க்கும் மாதிரிச் சின்ன பாக்கெட் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணெயைக் கண்ணாடிக் குவளையில் எடுங்கள். எசன்ஷியல் ஆயில் தெர்மோகோலையும் சில வகை பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும்.

பெரிய ஆபத்து புதினாவில் இல்லை

இவ்வளவு நேரம் புதினாவைப் பற்றிப் பேசினாலும், சோப் காய்ச்சுவதில் கண்ணைப் பறிக்கக்கூடிய பொருள் காஸ்டிக் சோடாதான். அதை இரண்டாம்பட்சமாக வைத்து யாரும் தொடங்கக் கூடாது.

தண்ணீரில் சோடாவைப் போட வேண்டும். சோடாவில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கலக்கும்போது கரைசல் கொதிநிலையை நெருங்கும் அளவுக்குச் சூடாகும். நம்ம ஊர்க் கோடையில் தண்ணீரே வெதுவெதுப்பாகத்தான் இருக்கும் என்பதால், ஃப்ரிட்ஜில் வைத்த தண்ணீரை எடுத்து, சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுகிறேன். அலுமினியப் பாத்திரம், அலுமினியக் கரண்டி எதுவும் கிட்டேயே வரக் கூடாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். அது தீப்பிடிக்கும் வாயு. எவர்சில்வர் பாத்திரம் நல்லது. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் டப்பாவைத் திறக்காதீர்கள். துவாக்குடிக்காரர்களுக்கு இதில் சாக்கே சொல்ல முடியாது. பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் ஹார்டுவேர் கடைகளில் பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி கிடைக்கும். படிக்கிற கண்ணாடி அதற்கு ஈடாகாது.

தெறித்துவிட்டால் வினிகர், எலுமிச்சை என்று ஓடாதீர்கள். குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் 15, 20 நிமிடம் விடாமல் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் கழுவிவிட்டு நேராக மருத்துவமனை. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, உடனே 108. புதினா எண்ணெயைக் குழந்தை குடித்துவிட்டாலும் இதே விதிதான். மிட்டாய் வாசனை அடிக்கிற பாட்டில் என்பதால் அதைக் காஸ்டிக் டப்பாவைப் போலவே எட்டாத உயரத்தில் வையுங்கள்.

எப்போது ஊற்றுவது?

"காஸ்டிக்கில் எல்லாமே மாறிடுமே, புதினா மட்டும் அப்படியே இருக்குமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. மெந்தால் காரத்தில் உடையாது. எண்ணெயில் கொஞ்சம் மெந்தைல் அசிடேட் உண்டு. அது மட்டும் காரத்தில் உடையும், உடைந்து மெந்தாலாகவே மாறும். ஆக, காஸ்டிக் சோடா புதினாவைச் சாதுவாக்கிவிடும் என்று எண்ணிக் கூடுதலாக ஊற்ற இடமில்லை.

எண்ணெயும் காரக் கரைசலும் 40 டிகிரி அளவுக்கு ஆறியபின் சேர்த்துக் கலக்குங்கள். கலவை மெல்லக் கெட்டிப்பட்டு, கரண்டியிலிருந்து ஒழுகும் கோடு மேலே ஒரு கணம் நின்று மறையும். நீர்த்த தோசை மாவுப் பதம். அப்போது புதினா எண்ணெயை ஊற்றிக் கலந்து அச்சில் ஊற்றிவிடலாம். சோப் பேஸ் வாங்கி உருக்கிச் செய்பவர்கள், உருகியதை அடுப்பிலிருந்து இறக்கி 50, 55 டிகிரிக்கு வரவிட்டுச் சேர்க்க வேண்டும். பெப்பர்மிண்ட் எண்ணெயின் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை சுமார் 70 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது கொதிக்கிற சோப்பில் ஊற்றுவது வாசனையையும் வீணாக்கும், ஆபத்தையும் அழைக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அந்த நேரம் வேறு அறையில் இருக்கட்டும்.

நாட்டு மருந்துக் கடையில் சிலர், "கற்பூரமும் ஓம உப்பும் கொஞ்சம் சேத்துக்குங்க, இன்னும் ஜில்லுன்னு இருக்கும்" என்பார்கள். மெந்தாலும் கற்பூரமும் ஓம உப்பும் சேர்ந்தால் மூன்றும் இளகித் திரவமாகிவிடும்; பழைய கைமருந்து அது. சோப்பில் வேண்டாம். கற்பூரம் குழந்தைகள் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரை கொண்டுபோகும்.

"பாப்பாவுக்கும் போடலாமா?"

எதிர்வீட்டு அக்கா கேட்ட கேள்வி இது. அவர் மகளுக்குப் பிள்ளை பிறந்து ஆறு மாதம். குழந்தைக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. "வீட்ல செஞ்சதுதானே தம்பி, கெமிக்கல் இல்லாதது. கடை சோப்பைவிட நல்லதுதானே?"

வேண்டாம் அக்கா என்றேன். காரணம் இரண்டு.

ஒன்று மூச்சு. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் மூக்கருகே மெந்தால் வந்தால் மூச்சு அனிச்சையாக நின்றுபோகவும், குரல்வளை இறுகிக்கொள்ளவும் கூடும். இதனால்தான் ஐரோப்பிய மருந்து முகமை இரண்டு வயதுக்குக் கீழே பெப்பர்மிண்ட் எண்ணெய் கூடவே கூடாது என்கிறது.

இன்னொன்று ரத்தம். ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. நம் நாட்டிலும் உண்டு. வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. இந்தக் குறைபாடுள்ள பச்சிளங் குழந்தைகளுக்கு மெந்தால் கலந்த பொருள்களால் மஞ்சள் காமாலை ஆபத்து உண்டு என்று 1980-லேயே நைஜீரிய மருத்துவர்கள் எழுதினார்கள். பரிசோதனை செய்யாமல் எந்தக் குழந்தைக்கு இது இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

குழந்தையின் வேர்க்குருவுக்கு வெறும் தண்ணீரும் மெல்லிய பருத்தித் துணியும் காற்றோட்டமும் போதும். குறையாவிட்டால் குழந்தை மருத்துவர். இரண்டு வயதைத் தாண்டிய சின்னப் பிள்ளைகளுக்கும் நான் புதினா சோப் கொடுப்பதில்லை. அவர்கள் கண்ணைக் கசக்காமல் குளிக்க மாட்டார்கள். எக்ஸிமா உள்ளவர்கள், தோல் வெடித்தோ புண்ணாகியோ இருப்பவர்கள், முன்பு ஏதாவது தைலத்துக்குத் தடித்துப்போனவர்கள் ஆகியோருக்கும் வாசனையே இல்லாத சோப்தான்.

மஞ்சள் சோதனை எதையும் காட்டாது

சோப்பில் காரம் மிஞ்சியிருக்கிறதா என்று மஞ்சள் தடவிப் பார்ப்பார்கள். சிவந்தால் காரம் அதிகம் என்பார்கள். மஞ்சள் காரத்தில் சிவக்கும் என்பது சரி. சுண்ணாம்பு சேர்த்தால் குங்குமம் ஆவது அப்படித்தானே. ஆனால் நன்றாக ஆறிய நல்ல சோப்பும் காரத்தன்மை உள்ளதுதான், அதன் பி.எச். 9-க்கும் 10-க்கும் நடுவில் நிற்கும். நல்ல சோப்பிலும் மஞ்சள் சிவக்கும், கெட்ட சோப்பிலும் சிவக்கும். அதனால் நம்ப வேண்டியது எடையையும் கணக்கையும் காத்திருப்பையும்தான். நான்கு முதல் ஆறு வாரம் காற்றாட அடுக்கி வைத்தால் வினையும் முடியும், தண்ணீரும் வற்றும், புதினா வாசனையின் முதல் முறுக்கும் அடங்கும்.

தோலுக்குப் பொருந்துமா என்று பார்க்க, சோப்பைத் தோலில் ஒட்டி வைத்துக் கட்டுப் போடாதீர்கள். எந்தச் சோப்பும் அப்படி வைத்தால் உறுத்தத்தான் செய்யும். முன்கையின் உட்புறம் நுரைத்து, ஒரு நிமிடம் விட்டுக் கழுவி, இரண்டு நாள் கவனியுங்கள். சிவப்போ அரிப்போ தடிப்போ வராவிட்டால் உடம்புக்குப் போகலாம். பழைய எண்ணெய் பாட்டிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. காற்றும் வெளிச்சமும் பட்டால் புதினா எண்ணெயில் உள்ள லிமோனீன் போன்ற பொருள்கள் கெட்டு, ஒவ்வாமையைத் தூண்டும் பொருளாக மாறும். கருநிற பாட்டிலில் இறுக மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். அடுப்பு மேடையில் இரண்டு கோடை கண்ட பாட்டிலைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

விற்பதென்றால்

வீட்டுக்குக் காய்ச்சுவது வேறு, விற்பது வேறு. 1982-ல் வந்த திருத்தம் வரை மருந்து மற்றும் அழகுப் பொருள் சட்டத்தின் "அழகுப் பொருள்" வரையறையில் சோப் சேரவே இல்லை. இப்போது சேர்ந்துவிட்டது. 2020-ல் வந்த அழகுப் பொருள் விதிகளின்படி, விற்பனைக்குச் சோப் தயாரிக்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். லேபிளில் சேர்மானம், தொகுதி எண் எல்லாம் இருக்க வேண்டும். "வேர்க்குருவைக் குணமாக்கும்" என்று எழுதினால் அது சோப் கணக்கிலிருந்து மருந்துக் கணக்குக்குப் போய்விடும்.

சும்மா கொடுத்தாலும் நான் ஒவ்வொரு கட்டியிலும் ஒரு சீட்டு ஒட்டிவிடுகிறேன். காய்ச்சிய தேதி, எண்ணெய்களின் பெயர், புதினா எந்த இனம், எத்தனை சதவீதம், "இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கூடாது, கண்ணிலும் மென்மையான இடங்களிலும் படக் கூடாது". ஐந்து வரி. "என்னப்பா, மருந்து பாட்டில் மாதிரி எழுதியிருக்க" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சோப் என் கையைவிட்டுப் போன பிறகு யார் வீட்டுக் குளியலறையில், யார் முதுகில் போடப்படும் என்று எனக்குத் தெரியப்போவதில்லை. அங்கே என் சார்பில் பேச அந்தச் சீட்டு மட்டும்தான் இருக்கும்.